அம்மா சொன்னதாக

பிறேமன், ஜேர்மனி
14.01.1991

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. அதைவிட எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? சண்டை மறுபடி தொடங்கிய பிறகு எனக்கு வந்தது ஒரே ஒரு கடிதம். நவம்பரில், கொழும்பிலிருந்து கனகசிங்கம் மாமா தபாலில் போட்டது. அப்பாவின் கையெழுத்தில் ஒரு பக்கம்.

அதில் அம்மாவின் வரி இல்லை.

அப்பா எழுதி முடித்ததும் அடியில் இரண்டு விரல் அகலம் அம்மாவுக்கு. நான் இங்கே வந்த நாலரை வருடமும் அப்படித்தான். "மனே, நேரத்துக்குத் தின்" என்றாவது இருக்கும். இம்முறை அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கும் முட்டு வருத்தம் கூடிவிட்டதா? மறைக்காதீர்கள். ஏதாவது என்று கேள்விப்பட்டால் மறுநாள் விமானம் ஏறிவிடுவேன். அகதி வழக்கு, தீர்ப்பு, எதுவும் எனக்குப் பெரிதில்லை.

என்னைப் பற்றி ஒரு செய்தி. நான் ஒரு குழுவில் பாடுகிறேன். உணவகத்தில் என்னோடு தட்டுக் கழுவும் யென்ஸ் கிற்றார் வாசிக்கிறான். இளைஞர் இல்லம் ஒன்றின் நிலக்கீழ் அறை. மேடை இல்லை. ஒரு பாட்டு நாற்பது விநாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். அவ்வளவு நேரமும் கத்துவதுதான். கேட்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள். விழுந்தவனைத் தூக்கி நிறுத்திவிட்டு அடுத்தவனில் மோதுவார்கள். இதற்கு ஹார்ட்கோர் என்று பெயர்.

நான் தமிழில் கத்துகிறேன். ஒருவருக்கும் விளங்காது. விளங்காதபடியால்தான் என்னால் முடிகிறது. ஒரு பாட்டில் இவ்வளவுதான் சொற்கள்: பெயர். பிறந்த திகதி. வந்த வழி. வந்த வழி. வந்த வழி. அகதி விசாரணையில் கேட்டவை.

பல்கலைக்கழக வளாகத்தில் கவிதை எழுதிக்கொண்டு திரிந்தவன் இப்படியாகிவிட்டான் என்று கவலைப்பட வேண்டாம். கசெற் ஒன்று அனுப்புகிறேன். அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல் போதும்.

யோகன்


மண்டூர்
20.02.1991

மச்சான் கனகசிங்கத்துக்கு,

முஹம்மட் நானாவின் லொறியில் வந்த உறை கிடைத்தது. கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் தொந்தரவில்லாமல் இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சங்கக்கடையைக் கிழமைக்கு இரண்டு நாள் திறக்கிறேன். சாமான் இல்லை. ஆனாலும் திறக்கிறேன்.

பொடியன் தாயின் வரியைக் கேட்கிறான். உங்கள் அக்கா சின்னத்தங்கம் போய் ஐந்து மாதமாகிறது. நவம்பரில் எழுதும்போது அவனுக்குச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன். எழுத ஏலாமல் போயிற்று. இப்போது எழுதவே கூடாது என்று முடிவெடுத்துவிட்டேன். கேள்விப்பட்டால் மறுநாள் விமானம் ஏறுவேன் என்று அவனே எழுதியிருக்கிறான். ஏறுவான். அவனை எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து இங்கே எத்தனை சாவடி என்பது உங்களுக்குத் தெரியும். அவன் வயதுப் பொடியன்களில் இந்த ஊரில் மிச்சம் யார் என்று எண்ண எனக்கு ஒரு கை போதும்.

சின்னத்தங்கத்தைக் கொடுத்துவிட்டேன். இவனையும் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் அவனுக்கு எழுதினால் அக்கா சுகம் என்றே எழுதுங்கள். உங்கள் சொந்த அக்காவைப் பற்றி அப்படி எழுதச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். பாவம் என் கணக்கில் இருக்கட்டும். இத்துடன் இருப்பது அவனுக்கு. முத்திரை ஒட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு
வல்லிபுரம்


மண்டூர்
20.02.1991

மகன் யோகராசாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். உன் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறோம்.

அம்மாவின் வரியைக் கேட்டிருந்தாய். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு விலகிவிட்டது. கரடியனாற்றிலிருந்து வந்த பரியாரியார் கட்டுப் போட்டிருக்கிறார். பேனை பிடிக்க ஏலாது. இடது கையால் எழுது என்றேன். "கோழி கிளறின மாதிரி இருக்கும், புள்ள பயந்திருவான்" என்றாள். முட்டு வருத்தம் இப்போது இல்லை. அது முற்றாக நின்றுவிட்டது.

நீ பாடுவதைப் பற்றி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "விழுந்தவனத் தூக்கி விடுறாங்க எண்டா நல்ல புள்ளையளாத்தான் இருப்பாங்க" என்றாள். எனக்கு அபிப்பிராயம் இல்லை. தொண்டையைப் பார்த்துக்கொள்.

எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பக்கம் வர நினைக்காதே.

அப்பா


பிறேமன்
22.04.1991

(அம்மாவுக்கு மட்டும். அப்பா திறந்தால் அப்படியே மடித்து அம்மாவிடம் கொடுக்கவும்.)

அம்மா,

கை எப்படி? கட்டு அவிழ்த்தாயிற்றா? நான் சுகம். அதைவிட அதிகம். அதனால்தான் பயம்.

மார்ட்டினா என்று ஒருத்தி. ஒலிபெருக்கிகளைச் சரிபார்ப்பவள். முதல் நாள் என் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டு, இவ்வளவு கத்தினால் இரண்டு வருடத்தில் உனக்குக் குரல் இருக்காது என்றாள். இப்போது ஒரே அறையில் இருக்கிறோம். ஓகஸ்ட்டில் அவளுக்குப் பிள்ளை பிறக்கும். எனக்கும்.

கலியாணம் எழுதவில்லை. என் பத்திரங்கள் எல்லாம் அகதிக் கந்தோரில் கிடக்கின்றன. அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அப்போது அவரால் எழும்பிப் போக முடியாது.

குழுவில் யாருக்கும் பிள்ளை இல்லை. அப்பா என்ற சொல்லை இங்கே எல்லோரும் ஏசுவதற்குத்தான் பாவிக்கிறார்கள். யென்ஸ் தன் அப்பாவோடு ஆறு வருடம் பேசவில்லை. அவனுடைய பாட்டுகள் பாதி அந்த மனிதனைப் பற்றியவை. நானும் அவற்றைக் கத்துகிறேன். கத்தும்போது என் அப்பாவின் முகம் வருவதில்லை. அது எனக்கு வெட்கமாகக்கூட இருந்திருக்கிறது, கோபம் இல்லாத மகன் என்று.

எனக்கு அப்பாவாக இருக்கத் தெரியாது. நான் பிறந்தபோது அப்பா என்ன செய்தார்? நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

பெயரை நீங்கள் வையுங்கள். உங்கள் வாயால் வர வேண்டும்.

உங்கள் மகன்


மண்டூர்
08.06.1991

மகன் யோகராசாவுக்கு,

இங்கே வெயில் கடுமை, ஆனாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மார்ட்டினா பிள்ளையும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் நேர்ந்திருக்கிறோம்.

ஓம், எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் என்று எழுதியதை நான் திறக்கவில்லை. அவளே திறந்து, மூன்று நாள் மடியில் முடிந்துகொண்டு திரிந்தாள். நான்காம் நாள், நீ சொன்னது போலவே, நான் கை நீட்டும்போது செம்பைச் சரித்தபடி தொடங்கினாள்.

"இஞ்சாருங்க, மகனுக்குப் புள்ள பிறக்கப் போகுதாம்."

"ஆரிட மகனுக்கு?"

"உங்கட மகனுக்குத்தான். எனக்கு வேற மகனா இருக்கான்?"

"கலியாணம்?"

"அது மறுகா பார்ப்பம்."

"வெள்ளைக்காரியா?"

"வெள்ளையோ கறுப்போ, வகுத்துல கிடக்கிறது நம்மட புள்ள. கெதியாக் கழுவுங்க. இடக்கையால ஊத்தி ஊத்தி என்ட தோளெல்லாம் நோகுது."

நான் எழும்பி வாவிக்கரைக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது படலையில் நின்றாள். "கோபம் முடிஞ்சிதா? முடியாட்டி இன்னொரு சுத்துப் போயிட்டு வாங்க" என்றாள். முடிந்துவிட்டது.

நீ பிறந்த அன்று நான் என்ன செய்தேன் என்று கேட்டிருந்தாயாம். நானே எழுத வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு. ஓடிப்போனேன். வட்டைக்குள் போய்க் காவல் பரணில் ஏறி இருந்தேன். அறுவடை முடிந்து மாடு மேய்கிற வயல். "என்ன மச்சான், வைக்கலுக்கா காவல்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பயம். தூக்கினால் உடைந்துவிடுவாய் என்று. மறுநாள்தான் வந்தேன்.  உன்னை என் கையில் வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் அசையாமல் இருந்தேன். நீ நித்திரையானாய்.

அவ்வளவுதான் மகன். அசையாமல் இருந்தால் போதும். மற்றது வரும்.

கசெற்றைப் பக்கத்து வளவுப் புஸ்பம் வீட்டில் போட்டோம். பற்றரி பாதி. உன் முதல் பாட்டுத் தொடங்கியதும் புஸ்பம் குசினியிலிருந்து உலக்கையோடு ஓடிவந்தாள். "ஆரைக் கா போட்டு அடிக்கிறாங்க?" "அடிக்கல்ல, என்ட மகன் பாடுறான்" என்றாள் அம்மா. "இது பாட்டா? நான் வேலி பாயப் பார்த்தன்." வேலிக்கு அங்காலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். இங்கே ஒருவர் கத்தினால் எல்லோரும் முதலில் தங்கள் பிள்ளைகளைத்தான் எண்ணுகிறார்கள். அதனால் நிறுத்திவிட்டோம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கத்துவது நீதான் என்று தெரிந்தது.

பெண் என்றால் கண்ணகை அம்மனின் பெயரை வைக்கட்டும் என்கிறாள் அம்மா. "வெள்ளைக்காரங்கட வாய்க்குள்ள வராட்டி வரவைக்கச் சொல்லுங்க."

அப்பா


கொழும்பு
03.07.1991

அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று முஹம்மட் நானா சொன்னார்.

மன்னியுங்கள், யோகனுக்கு நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டேன். உறை ஒட்டியிருக்கவில்லை. அத்தான், அக்கா பேசுகிறாள். "முடியாட்டி இன்னொரு சுத்துப் போயிட்டு வாங்க". அவள்தான். தபாற்கந்தோர் வாசலில் நின்று சிரித்தேன். பிறகு முத்திரை ஒட்ட நாக்கு வறண்டு போயிற்று.

எவ்வளவு காலத்துக்கு? பிள்ளை பிறந்தால் தாயிடம் காட்ட வராமல் இருப்பானா? செத்த வீட்டுக்கு வந்துவிடுவான் என்று பயந்து மறைத்தீர்கள். இப்படிப் பேசுகிற தாயைப் பார்க்க அதைவிடக் கெதியாக வருவான். நீங்கள் அவனை மறிக்கிறீர்களா, கூப்பிடுகிறீர்களா?

பதில் எழுதுங்கள்.

கனகசிங்கம்


பிறேமன்
14.09.1991

மாமாவுக்கு,

மாமி, பிள்ளைகள் சுகமா? அவசரக் கடிதம். ஓகஸ்ட் 19இல் மகள் பிறந்தாள். மூன்று கிலோ. கண்ணகை என்று பதிந்தபோது எழுதுவினைஞர் நான்கு தடவை எழுத்துக் கேட்டார். அம்மாவிடம் சொல்லுங்கள், வாய்க்குள் வரவைத்துவிட்டேன் என்று.

படம் வைத்திருக்கிறேன். கடிதம் பிறகு. அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள், படத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். என் தலையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். போன கிழமை ஒரு நிகழ்ச்சி முடிந்த கையோடு யென்ஸ் குசினியில் வைத்துக் குழுவிலுள்ள எல்லோருக்கும் மெசினால் வழித்துவிட்டான். இங்கே அது ஒரு பழக்கம். மொட்டைத்தலையர் இங்கே இரண்டு வகை, எங்களை அடிக்கத் தேடுபவர்கள், எங்களோடு பாடுபவர்கள். இரண்டுக்கும் ஒரே மெசின். வளர்ந்துவிடும். தோளில் கிடப்பது துவாய், பிள்ளை பால் கக்குவாள். சட்டை இல்லாததும் அதனால்தான்.

ஒரு முடிவெடுத்திருக்கிறேன். டிசம்பரில் வருகிறேன். தனியாக இல்லை, பிள்ளையோடு. வழக்கு என்னவானாலும் சரி. அம்மாவின் கையில் பிள்ளையை வைத்துவிட்டு நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதினால் வராதே என்பார்.

யோகன்


மண்டூர்
02.10.1991

மகன்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. படத்தில் பார்த்தேன்.

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்து மூன்றாம் நாள் முஹம்மட் நானா கொண்டுவந்து தந்தார். பிரித்தேன். மேலில் சட்டை இல்லை. தோளில் வெள்ளைத்துணி. தலை வழித்திருக்கிறது. பிள்ளையைப் பிறகுதான் கண்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எனக்குக் காட்டாமல், யாருமில்லாத ஊரில், தாய்க்கு மகன் செய்ய வேண்டியதைத் தனியாகச் செய்திருக்கிறாய். மாமா சொல்லியிருப்பார். எனக்குக் கோபமில்லை. இந்த ஒரு வருடமும் எழுதிய ஒவ்வொரு எழுத்துக்கும் என்னை மன்னித்துக்கொள். நீ வந்துவிடுவாய் என்ற பயம். வேறொன்றுமில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்றபடியால் மாமாவுக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

செப்டெம்பர். முட்டு இழுக்கத் தொடங்கி இரண்டாம் நாள். மருந்து முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி இருக்கும் அக்கரைக்குப் படகு ஓடவில்லை. பட்டப்பகல், தோணியில் ஏற்றினேன். படுத்தால் மூச்சு வராது என்று முன்பக்க அணியத்தில் சாய்ந்து குந்தியிருந்தாள். பாதி வாவி தாண்டியிருப்போம். அக்கரைச் சாவடியிலிருந்து துவக்கால் வெடி வைத்தான். முதலாவது தூரத்தில் விழுந்தது. இரண்டாவது தோணிக்குப் பக்கத்தில். தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

நான் தோணியைத் திருப்பினேன்.

கரைக்கு வருமுன் முடிந்துவிட்டது. துறையில் நின்றவர்கள் கேட்டார்கள், ஏன் திரும்பினாய் என்று. "அவள்தான் சொன்னாள், திருப்புங்க, மகனுக்கு நீங்களாவது வேணும் எண்டு" என்றேன். ஊர் முழுக்க அப்படித்தான் தெரியும். அவள் சொல்லவில்லை மகன். அவளுக்குச் சொல்ல மூச்சு இருக்கவில்லை. அந்தப் பார்வையால் அக்கரைக்குப் போகச் சொன்னாளோ திரும்பச் சொன்னாளோ எனக்குத் தெரியாது. அவள் சொல்லாததைச் சொன்னதாக நான் முதல் முதல் சொன்னது அன்றைக்குத்தான். உனக்கு எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு.

அடக்கத்தில் மகன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். படத்தைக் கண்ட பிறகு அந்தப் பாரம் இறங்கிற்று.

நீ இப்போது அப்பா. வராதே. இங்கே இனி நீ பார்க்க வேண்டியது என்னை மட்டும்தான். என்னை நீ பார்க்காவிட்டாலும் நான் இருப்பேன்.

அப்பா


கொழும்பு
17.10.1991

மருமகனுக்கு,

மகளும் தாயும் சுகமாக இருக்கட்டும்.

அத்தானின் கடிதத்தைத் திறக்குமுன் இதை வாசி. இருந்துகொண்டு வாசி. மார்ட்டினா பக்கத்தில் இருந்தால் நல்லது.

நான் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். உன் தலையைப் பார்த்துவிட்டு, உனக்குத் தெரிந்துவிட்டது என்று உன் அப்பா நினைத்துவிட்டார். பிழை என்னுடையது. லொறி அன்றைக்கே புறப்பட்டது. படத்தை மட்டும் கொடுத்துவிட்டேன். நீ டிசம்பரில் வருவதாக எழுதியதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உன் கடிதத்தை வைத்துக்கொண்டேன்.

எட்டு நாள் அத்தானின் கடிதமும் என் மேசையில் கிடந்தது. கிழித்திருக்கலாம். நீ மொட்டை அடித்தது வேறு காரணத்துக்கு என்று அவருக்கு எழுதியிருக்கலாம். ஏலவில்லை. உன் அம்மா எனக்கு அக்கா. ஒரு வருடம் அவளுக்காக ஒருவரோடும் சேர்ந்து அழாமல் இருக்கிறேன்.

என்ன செய்வது என்பதை நீ முடிவெடு. வருவதென்றால் எனக்கு முதலில் அறிவி. விமானநிலையத்துக்கு நான் வர வேண்டும்.

மாமா


மண்டூர்
15.12.1991

மகன்,

சுகமா? உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மாமாவுக்கும் இல்லையாம்.

நேற்று மட்டக்களப்பு பஸ்ஸில் வந்தவர்களைப் போய்ப் பார்த்தேன். முந்தநாளும் போனேன். யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

இரண்டு வரி போடு.

அப்பா


பிறேமன்
06.01.1992

அப்பாவுக்கு,

நானும் மார்ட்டினாவும் பிள்ளையும் சுகம். எழுதப் பிந்தியதற்குக் காரணம் பிள்ளைக்குத் தடிமன். வேறொன்றும் இல்லை. பஸ் பார்க்கப் போக வேண்டாம். நான் வரவில்லை.

ஓம் அப்பா. தெரியும். படத்தில் இருக்கும் மொட்டை அம்மாவுக்காகத்தான். மாமா சொல்லவில்லை, அவரை ஒன்றும் கேட்காதீர்கள். யார் சொன்னது என்பதை விடுங்கள். தெரிந்துகொண்டுதான் உங்கள் ஜூன் மாதக் கடிதத்தையும் வாசித்தேன். அம்மா செம்பைச் சரித்தபடி பேசுவதை வாசித்தேன். அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கூடாது.

தலையை இன்று காலையும் வழித்தேன். இப்போது நானே வழிக்கிறேன், சவரக் கத்தியால்.

தோணியைப் பற்றி. நவம்பரில் விமானச்சீட்டு விற்கும் இடம்வரை போனேன். பிள்ளை என் நெஞ்சில் கட்டியிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளக் கை வைத்தேன். அவள் தும்மினாள். அவ்வளவுதான். திரும்பி நடந்தேன். யாரும் வெடி வைக்கவில்லை, ஆனாலும் திரும்பினேன். அம்மா திருப்பச் சொன்னதாக ஊருக்குச் சொன்னீர்கள். மூச்சு இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். இருபத்தெட்டு வருடம் அவளோடு சண்டை பிடித்தவர் நீங்கள். அவள் என்ன சொல்வாள் என்பது உங்களுக்குத் தெரியாதா?

பிள்ளையின் பெயரை மாற்றவில்லை. அம்மா வைத்த பெயர் என்றுதான் அவளுக்குச் சொல்வேன்.

கடந்த சனிக்கிழமை பாடப் போனேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு. அதே நிலக்கீழ் அறை, முப்பது முப்பத்தைந்து பேர். யென்ஸ் தொடங்கினான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை, சும்மா வரவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன். முன்னுக்கு நின்ற ஒரு பெட்டை என் முகத்தைப் பார்த்தாள். யாரென்று தெரியாது. ஒலிவாங்கியை என் கையோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக் கத்தத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. சொல் இல்லை, வெறும் சத்தம். பிறகு பக்கத்தில் நின்றவன். பிறகு எல்லோரும். யாரும் யாரிலும் மோதவில்லை. என் தோளில், கழுத்தில், முதுகில் கை போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பாட்டு முடிந்தது. யென்ஸ் நிறுத்தவில்லை, மறுபடி முதலிலிருந்து வாசித்தான். அவர்களும் நிறுத்தவில்லை.

செத்த வீட்டுக்கு ஆட்கள் வந்தது போல இருந்தது, அப்பா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

யோகன்